உச்சந்தலையில் சீரகம் வெல்லம்

திருத்தணிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முடி இறக்க வருகிறார்கள். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் முடி ஏற்ற வருகிறார்கள். மலைமேல் மொட்டை போட்டுச் சந்தனம் தடவிக்கொண்டு இறங்குகிற கூட்டத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி, ஸ்டேஷன் பக்கத்துத் தெரு மாடியறையில் உட்கார்ந்து மணப்பெண்களுக்குச் சவுரி வைத்துப் பின்னுவது என் பிழைப்பு. இதில் எனக்கு வேடிக்கையும் இல்லை, வருத்தமும் இல்லை. முடி ஒரு சரக்கு. அது இருக்கிற இடத்தில் குறைக்க வேண்டும், இல்லாத இடத்தில் கூட்ட வேண்டும்.

கல்யாணம் நிச்சயமான பெண்கள் எல்லோரும் "டிப்ஸ் சொல்லுங்கக்கா" என்பார்கள். சொல்வேன். யாரும் கேட்கமாட்டார்கள். கல்யாணத்தன்று காலையில் தலைக்குக் குளிக்காதே, முந்தின நாளே குளித்துவிடு, எண்ணெய் தொடாதே, அன்றே அலசிய முடியில் ஹேர்பின் நிற்காமல் வழுக்கும் என்று படித்துப் படித்துச் சொல்வேன். தலையை நன்றாக ஆட்டுவார்கள். விடியற்காலையில் மண்டபத்துக்குப் போய்ப் பார்த்தால் பெண் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் அவள் அத்தை, "தலைக்கு ஊத்தாம மணையில எப்டிம்மா ஒக்கார வெக்கறது?" என்று சண்டைக்குத் தயாராக நிற்பாள். பையிலிருந்து நான் முதலில் வெளியே எடுப்பது ஹேர் டிரையரைத்தான்.

மஞ்சளும் அப்படித்தான். நலங்கின்போது கன்னத்தில் தொட்டு வைத்தால் போதும் என்பேன். அரைத்த மஞ்சளை முகம் முழுக்க அப்பிவிடுவார்கள். மறுநாள் எந்த ஃபவுண்டேஷன் போட்டாலும் ஃபோட்டோவில் காமாலை வந்த மாதிரிதான் தெரியும். கல்யாண வாரத்தில் புது கிரீம் எதையும் முகத்தில் தடவாதே என்பேன். சித்தி பெண் ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருப்பாள், முகம் தடித்திருக்கும். மேக்கப்புக்கு உட்காரும்போது அண்ணனோ அப்பாவோ போடும் முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொள் என்பேன். தலைவழியாகக் கழற்றும் நைட்டியோடு வந்து நிற்பார்கள். இரண்டு மணி நேர வேலை முடிந்த பிறகு அதை எப்படிக் கழற்றுவது? கத்தரிக்கோல்தான். அப்படி நான் வெட்டிய நைட்டிகள் கொஞ்சமில்லை.

அம்மாக்களுக்கு வேறு கோரிக்கை. "கொஞ்சம் வெள்ளையா காட்டிடுங்கம்மா." முகம் ஒரு நிறம், கை ஒரு நிறமாக மேடையில் நிற்க வைத்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள் என்று சொல்லிப் பார்ப்பேன். புரியாவிட்டால் ஆங், சரி என்று சொல்லிவிட்டு அவள் நிறத்துக்கு எது பொருந்துமோ அதைப் போட்டு அனுப்புவேன். இதுவரை எந்த அம்மாவும் வித்தியாசம் கண்டுபிடித்ததில்லை.

இதெல்லாம் எந்த ஊர் மேக்கப்காரியும் சொல்வாள். எங்கள் பக்கத்தில் மட்டும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "சீரகம் வெல்லம் உண்டா?"

ஆந்திர எல்லை இங்கே கூப்பிடு தூரம். வாசலில் தமிழும் அடுப்பங்கரையில் தெலுங்கும் பேசுகிற வீடுகள் நிறைய. அந்த வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவே ஒரு வேட்டியைத் திரையாகப் பிடிப்பார்கள். முகூர்த்த நேரம் வந்ததும் இருவரும் திரைக்கு மேலாகக் கையை நீட்டி, சீரகமும் வெல்லமும் சேர்த்து இடித்த விழுதை ஒருவர் உச்சந்தலையில் ஒருவர் வைத்து அழுத்திக்கொள்வார்கள். அப்படியே திரை இறங்கும். தாலியெல்லாம் அதற்குப் பிறகுதான். என் வேலைக்கு இது முக்கியம். உச்சியில் முடியைத் தூக்கி உப்பலாக வைத்து ஸ்ப்ரே அடித்திருந்தால் அந்த வெல்லம் அதோடு சேர்ந்து கோந்தாகிவிடும். சாயங்காலம் சிக்கெடுக்கும்போது பெண் அலறுவாள். அதனால் சீரகம் வெல்லம் உண்டென்றால் உச்சியைத் தொடாமல் விட்டுவிடுவேன்.

ஒரு பெண்ணின் அம்மாவிடமும் இதைக் கேட்டேன். மணவூர்க்காரர்கள். மாப்பிள்ளைக்குப் பொதட்டூர்பேட்டை, சொந்தத் தறி. இரண்டு குடும்பமும் ஒரே ஜனம்தான். ஆனால் பெண் வீட்டில் தறியை விட்டுவிட்டு ரயிலேறி வேலைக்குப் போகத் தொடங்கி இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. தெலுங்கும் அப்போதே வீட்டை விட்டுப் போயிருந்தது.

"எங்களுக்கு அதெல்லாம் கெடையாதும்மா. தாலி கட்றதோட சரி" என்றாள் அம்மா.

நான் அதற்கேற்ற மாதிரித் திட்டம் போட்டுக்கொண்டேன்.

ட்ரையலுக்கு அந்தப் பெண் தனியாக வந்தாள். ட்ரையலுக்குத் தனியாக வருகிற பெண் அபூர்வம். வழக்கமாகப் பின்னால் நான்கு பேர் நின்றுகொண்டு ஆளுக்கொரு லிப்ஸ்டிக் சொல்வார்கள். இவள் அரக்கோணத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். வேலை முடிந்து அங்கிருந்தே ரயிலேறி வந்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தவள் கிளிப்பை எடுக்காமல் கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவச் சாத்திடறீங்களாக்கா?"

சாத்தினேன். கிளிப்பை எடுத்தாள். உச்சியில், வகிடு முடிகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லை. வழவழவென்று இருந்தது. சுற்றியிருந்த முடியை அதன்மேல் இழுத்துக் கிளிப் போட்டு மறைத்து வைத்திருந்தாள். நன்றாகத்தான் மறைத்திருந்தாள். எனக்கே தெரியவில்லை.

"புழுவெட்டுக்கா. ஊசி போட்டுக்கினு இருக்கேன். வளந்துடும்னு சொல்றாங்க. ஆனா கல்யாணத்துக்குள்ள வளராது."

"மாப்ள வூட்டுக்குத் தெரியுமா?"

"தெரியாது. மொதல்ல ஒரு எடம் வந்துச்சு. அம்மாவே அவங்ககிட்ட சொன்னாங்க. அதுக்கப்புறம் அவங்க ஃபோனே எடுக்கல. அதுலேர்ந்து யார்கிட்டயும் மூச்சு வுடக் கூடாதுன்ட்டாங்க."

"அவரு உன்கிட்ட பேசறதில்லையா?"

"டெய்லி பேசறாரு. தறி சத்தத்துல பாதி கேக்காது. சொல்லிடலாம்னு வாயத் தொறப்பேன். அம்மா மூஞ்சி ஞாபகம் வந்துடும், வேற எதனா பேசிடுவேன்."

நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மறைப்பதுதான் என் தொழில். பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், சில சமயம் கழுத்தில் விரல் தடம்கூட மறைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் நியாயம் பேசினால் கடையைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான். ஆனாலும் அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போனது. அழாமல், நோயாளி மருந்துக்கடையில் சீட்டைக் காட்டுவது மாதிரி தலையைக் காட்டினாள்.

சென்னையில் சொல்லி ஒரு ஹேர் பேட்ச் வரவழைத்தேன். வலைத்துணியில் முடி கோத்தது. ஓரத்தில் இருக்கும் கிளிப்புகளைச் சுற்றியுள்ள முடியில் மாட்டினால் மண்டையோடு உட்கார்ந்துகொள்ளும். அவள் முடி நிறத்துக்குச் சரியாக இருந்தது. தலையை ஆட்டச் சொன்னேன், குனிந்து நிமிரச் சொன்னேன், ஜடையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன். அசையவில்லை. அவள் கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தாள். "என் முடி மாதிரியே கீதுக்கா" என்று சிரித்தாள்.

மண்டபம் மலையடிவாரத்தில். முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன் ஒரு குறையுமில்லாமல் முடிந்தது. மறுநாள் காலை முகூர்த்தத்துக்குப் பட்டுப்புடவை, நீண்ட ஜடை, அதன்மேல் மல்லிகை, உச்சியைச் சுற்றி இரண்டு பூச்சரம். எல்லாம் முடித்து நெற்றிச்சுட்டியை நேர்ப்படுத்திக்கொண்டிருந்தேன். அம்மா மேடைப் பக்கம் போயிருந்தாள். அறையில் நாங்கள் இருவர்தான்.

மாப்பிள்ளையின் அக்கா ஒரு தாம்பாளத்தோடு உள்ளே வந்தாள். சுறுசுறுப்பான பொம்பளை. பெண்ணின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உச்சியில இருக்கிற பூவ ரெண்டு பக்கமும் ஒதுக்கி வுட்டுடுங்கம்மா. சீரகம் வெல்லம் தலையில படணும்."

தாம்பாளத்தைப் பார்த்தேன். மஞ்சள், குங்குமம், வெற்றிலைக்கு நடுவே ஒரு கிண்ணத்தில் கரேலென்று விழுது இருந்தது.

"உங்களுக்கு அது உண்டா?"

"இன்னாம்மா இப்டி கேக்கறீங்க? எங்களுக்கு அதுதான் முகூர்த்தமே. செலபேரு வெத்தலையோட வெப்பாங்க. எங்க வூட்ல வெறுங்கைதான். கையி தலையில படணும், அதான் எங்க வழக்கம்."

அவள் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. நான் கேள்வி கேட்டிருந்தேன். அம்மா சொன்ன பதிலும் பொய்யில்லை. 'எங்களுக்கு' இல்லை என்றாள், அவர்களுக்கு இல்லைதான். கல்யாணம் மாப்பிள்ளை வீட்டு வழக்கப்படிதான் நடக்கும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த வீட்டுக்கென்று இப்படி ஒரு வழக்கம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஒரே ஜனம்தானே என்று இருந்துவிட்டாள்.

"இன்னாக்கா ஆவும்?" என்றாள் பெண்.

நான் சுற்றி வளைக்கவில்லை. வெல்லம் பேட்ச்சில் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் தாங்குகிற பேட்ச்தான். ஆனால் ஒட்டிக்கொண்டு மேலே வருகிற கையோடு அதுவும் கிளம்பினாலும் கிளம்பும். திரை இறங்கியிருக்கும். வீடியோக்காரன் எதிரிலேயே நிற்பான்.

"நெத்திப்பக்கம் தள்ளி வெக்கச் சொல்லட்டுமா?" என்றேன்.

"ஏன்னு கேப்பாங்க."

கேட்பார்கள். அந்த அக்கா கட்டாயம் கேட்பாள். பேட்ச்சைத் தைத்து நிறுத்த நேரமில்லை. வெளியே நாதஸ்வரக்காரர் சுருதி சரிபார்த்துக்கொண்டிருந்தார். பெண் மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது தாலிக்கு முன்னயா, பின்னயாக்கா?"

"முன்ன."

"அப்ப எடுத்துடுங்க."

"எத?"

"பேட்ச்ச."

"நல்லா யோசிச்சுக்கோ. கை வெச்ச ஒடனே தெரிஞ்சுடும்."

"தெரியட்டும். தாலி கட்றதுக்கு முன்ன அவருக்குத் தெரிஞ்சுடணும். நானும் இத்தினி நாளா வாயால சொல்ல முடியாமதான இருக்கேன். வேணான்னா எழுந்து போட்டும்."

அம்மாவைக் கூப்பிடட்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கல்யாணம் நின்று நான் பார்த்ததில்லை. நின்ற கல்யாணத்துக்கு மேக்கப் போட்டவள் என்று பேர் வாங்கவும் எனக்கு ஆசையில்லை. ஆனால் தலை அவளுடையது. கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பேட்ச்சை எடுத்தேன். வெறும் உச்சியின்மேல் இரண்டு பூச்சரங்களையும் இழுத்து மூடி, முனையில் மட்டும் லேசாகப் பின் குத்தினேன். கை வருகிற நேரத்தில் நான் பின்னால் நின்று விலக்கிக்கொடுப்பது என்று பேசிக்கொண்டோம்.

மேடையில் அவளுக்குப் பின்னால் நின்றேன். மேக்கப்காரி மேடையில் நிற்பதை யாரும் கவனிப்பதில்லை. முந்தானையைச் சரி செய்ய நிற்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அம்மா எனக்குப் பக்கத்தில் கையில் அட்சதையோடு நின்றாள். அவளுக்கு அப்போதுதான் இந்தச் சடங்கைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள் போலிருந்தது. "பேட்ச்சு நிக்குமாம்மா?" என்று என் காதில் கேட்டாள். நான் முந்தானையைச் சரி செய்வது மாதிரி குனிந்துகொண்டேன்.

திரையைப் பிடித்தார்கள். "பாவா, இன்னும் கொஞ்சம் தூக்குங்க, பையனுக்குப் பொண்ணு தெரியறா" என்று திரை பிடித்த மச்சானிடம் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஐயர் கையைக் காட்டினார். கெட்டி மேளம் தொடங்கியது. பெண் கையை நீட்டி அந்தப் பக்கம் தலையைத் தேடி வைத்தாள். திரைக்கு மேலாக மாப்பிள்ளையின் கை வந்தது, உள்ளங்கையில் விழுதோடு. நான் பூவை விலக்கினேன்.

அம்மா பார்த்துவிட்டாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் பதிந்தது. "இன்னா காரியம்மா பண்ண" என்றாள்.

கை உச்சந்தலையில் இறங்கியது. அழுத்தியது. உடனே நின்றுவிட்டது.

திரைக்கு அந்தப் பக்கம் அவன் முகம் எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தது அந்தக் கை மட்டும்தான். விரல்கள் முடியைத் தேடி நகர்ந்தன. ஓரத்தில் முடி தொடங்குகிற இடத்தைத் தொட்டன, திரும்ப நடுவுக்கு வந்தன. பிறகு கை மேலே எழுந்தது. விழுது கொஞ்சம் வழிந்து அவள் வகிட்டில் இறங்கியது. பெண் தலையைக் குனிந்தபடியே இருந்தாள். அவள் பின்கழுத்தில் வியர்வை துளிர்த்திருந்தது. நான் அவ்வளவு பயந்து பல வருஷமாகிறது.

"வலிக்குதா?"

மேளச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. அவன் திரையை ஒட்டி வந்து, இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டான்.

"புண்ணா? வலிக்குதா? அழுத்திட்டனா?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"மாப்ள, அப்புறமா பேசிக்கலாம். கைய வையுங்க" என்றார் ஐயர்.

கை மறுபடியும் இறங்கியது. இந்தத் தடவை அழுத்தவில்லை. விழுது கீழே விழாத அளவுக்கு மட்டும் மூடிக்கொண்டு நின்றது.

திரையை இறக்கினார்கள். அவன் முகத்தில் கோபம் இல்லை. அடிபட்ட இடத்தில் தெரியாமல் கை வைத்துவிட்டவனின் பதற்றம்தான் இருந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள். கூட்டம் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டது. கையை எடுக்கலாம் என்று ஐயர் சொன்னதும் அவள் எடுத்துவிட்டாள். அவன் எடுக்கவில்லை. என்னைப் பார்த்தான். பிறகு இரண்டு பக்கமும் விலகிக் கிடந்த பூச்சரத்தைக் கண்ணால் காட்டினான்.

எனக்குப் புரிந்தது. குனிந்து, அவன் விரலுக்கு அடியில் ஒரு சரத்தை இழுத்துக்கொண்டு வந்து பின் குத்தினேன். அடுத்த சரத்தையும் இழுத்தேன். பூ வர வர அவன் கையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கினான். இந்தத் தொழிலில் எனக்குச் சரியாகக் கை கொடுத்த ஆள் யாரும் அமைந்ததில்லை. அவன் நன்றாகச் செய்தான். "தம்பி, இன்னும் இன்னாடா பண்ற?" என்றாள் அவன் அக்கா. அவளுக்குக் கடைசிவரை எதுவும் தெரியவில்லை.

கையைத் துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தார்கள். அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு தாலியை வாங்கினான். மஞ்சள் கயிற்றில் வெல்லம் ஒட்டியது. முதல் முடிச்சைப் போட்டான், மற்றதை அவன் அக்கா போட்டாள். நாலாப் பக்கமிருந்தும் அட்சதை விழுந்தது. எனக்கு அழுகை வந்தது. வேலை நேரத்தில் எனக்கு அது பிடிக்காது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு முந்தானை மடிப்பைச் சரி பார்த்தேன்.

அம்மா மறுபடியும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மேடையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மண்டையிலதாம்மா ஊசி போடறாங்க அவளுக்கு. அவளாதான் போய்ப் போட்டுக்கினு வருவா. வலிக்குதாடின்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லம்மா."

எல்லோரும் அட்சதை போட்டு முடித்திருந்தார்கள். அவள் கையில் இருந்தது மட்டும் அப்படியே இருந்தது.

"மொதல்ல அதப் போடுங்கம்மா" என்றேன்.